பக்குவம் பார்ப்பவர்

வாடகைக்கு இருந்த தையல்காரர் தன் கடைக்கு முன்னால் தகரக் கூரை போட்டது 1978இல். கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர், நான் சொல்லப்போகிற மனிதர், அதை அன்றைக்கே பார்த்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனிடம், "நல்லாப் பிடிலே, சரிஞ்சிரப் போகுது" என்றுகூடச் சொன்னாராம். தெருவை மறித்திருக்கும் அந்தக் கூரையைப் பிரிக்க நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றது 1981 தீபாவளிக்கு முந்திய வாரம். அவர் எழுதிக் கொடுத்த புகாரின் பேரில்தான் வந்தார்கள். மூன்று தெருக்களின் துணி கடைக்குள் வெட்டி அடுக்கிக் கிடந்தது. தையல்காரர் அந்தப் பண்டிகையோடு கடையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

"தகரம் போட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று நான் கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா தகரத்தை மட்டும்தான எடுத்திருப்பான்" என்றார். கோபமில்லாத குரல். கையில் காபி டம்ளர். எனக்கும் ஒரு டம்ளர் வந்திருந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்தவற்றில் முதலில் நடந்தது இதுதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல மாதிரியானவர்கள், என்னோடு இன்றும் பேசுகிறவர்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மழை பெய்த நாள், கண்மாய் உடைந்த நாள், புது பஸ் ஓடத் தொடங்கிய நாள் என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களின் சங்கதிகளையும் தேதி போட்டுச் சேர்த்துவைப்பது என் பழக்கம். பல ஊர் வரலாறுகளைப் படித்துப் படித்து வந்த பழக்கம். அவர் டெபுடி கலெக்டர். மாநிலத் தேர்வு எழுதி நேரடியாக அந்தப் பதவிக்கு வந்தவர். எந்த மாவட்டத்தில் வேலை பார்த்தாலும் சனிக்கிழமை ராத்திரி வண்டியேறி ராஜபாளையம் வந்துவிடுவார். ஞாயிறு காலை நூலகத்தில் பத்திரிகை படிப்பார். அங்கேதான் பழக்கம். "வாங்க வரலாறு" என்பார் என்னை. தாலுகா அலுவலகத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை நான் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அவரை நினைத்தால் அருவருப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அய்யனார் கோவில் போகும் வழியில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. சப்பட்டை ரக மாமரங்கள். காய் இறக்கும் காலத்தில் குத்தகைக்காரரை நம்பமாட்டார். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து, காம்போரம் தொட்டுப் பார்த்து, இன்றைக்கா நாலு நாள் கழித்தா என்று அவரே சொல்ல வேண்டும். "காய் நல்ல காயா இருந்தா மட்டும் போதாது வரலாறு. பக்குவம் வரணும்." ஆட்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார் என்பது எனக்குப் புரிய ஆண்டுகள் ஆயின.

அவர் அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் விடுப்புச் சீட்டில் ஒரு பொய்க் காரணம் எழுதிவிட்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டுக் குற்றாலம் போய்விட்டு வந்திருக்கிறான். அவருக்கு அந்த வாரமே தெரியும். பையனைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எப்படிலே இருக்கு?" என்று விசாரித்தார். அதோடு சரி. பையனின் தகுதிகாண் பருவம் முடிந்து அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு வரவேண்டிய வாரத்தில் அந்தச் சீட்டு வெளியே வந்தது; உத்தரவு நின்றுபோனது. அவன் ராஜபாளையம் வரைக்கும் வந்து அழுதான். நான் கூடத்தில் இருந்தேன். "அழாதலே, காபியைக் குடி, ஆறிப்போகும்" என்றார். அவன் குடித்தான். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சரி, போயிட்டு வா" என்றார்.

அவருக்கும் ஓர் அநியாயம் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

டெபுடி கலெக்டர்களாகச் சேர்கிறவர்களில் சிலரை ஆண்டுதோறும் பட்டியல் போட்டு ஐ.ஏ.எஸ். ஆக்குவார்கள். அதற்கு ஒரு வயது வரம்பு உண்டு. குறிப்பிட்ட ஏப்ரல் முதல் தேதியில் ஐம்பத்து நான்கு முடிந்திருந்தால் அதன் பிறகு பெயரைப் பார்க்கவே மாட்டார்கள். அவர் பெயர் இரண்டு முறை விடுபட்டது. ஏன் என்று தெரியவில்லை. வழக்குப் போட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. மகன் வயதுள்ள ஒரு கலெக்டர், இவருடைய இரகசியக் குறிப்பில், 'முடிவெடுப்பதில் தாமதம்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். பாதகமான குறிப்பு எழுதினால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்து விளக்கம் கேட்க வேண்டும். தெரிவிக்கவில்லை. அவர் வழக்கில் ஜெயித்தார். அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுபடி பரிசீலித்தார்கள், மறுபடி விட்டார்கள். அதற்குள் ஐம்பத்து நான்கு முடிந்துவிட்டது.

அந்த உத்தரவோடு அவர் வந்த நாளில் அவருக்காக நான் வருத்தப்பட்டேன். உண்மையான வருத்தம். அந்த அடிதான் அவரை அப்படி ஆக்கியது என்று ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி நம்ப முயன்றேன். தேதி வரிசை இடம் கொடுக்கவில்லை. தையல்காரர் 1981. உதவியாளர் 1983. வழக்கு 1985. பாதிக்கப்படுவதற்கு முன்பே அவர் அப்படித்தான் இருந்தார். வழக்கு அவருக்குச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். 1990இல் ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே பதவி உயர்வு மறுக்கப்பட்ட அதிகாரிகள் தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். கார்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் பின்னோக்கிப் போகும். மதுரை வக்கீல்கள்கூடச் சந்தேகம் கேட்டார்கள். யாருக்கு மேல் யார், எந்த நாளில் யார் பணியில் சேர்ந்தார், யாருக்கு எப்போது ஐம்பத்து நான்கு என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். பிறந்தநாள் வாழ்த்து தவறாமல் சொல்வார். அந்த அதிகாரிகள் நெகிழ்ந்துபோவார்கள். நானும் ஒரு காலத்தில் அதைப் பெரிய குணம் என்று எண்ணியவன்தான்.

அவர் கூடவே தேர்வெழுதி அதே ஆண்டு பணியில் சேர்ந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரலிங்கம். அவரும் டெபுடி கலெக்டர். தரவரிசையில் சில இடங்கள் கீழே. சங்கரலிங்கம் இவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். சங்கரலிங்கம் வாயாடி, சாப்பாட்டுப் பிரியர், சிரிப்பு வந்தால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவருடைய தங்கை ராஜம் டீச்சர் இருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். ஊர்த் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. ஞாயிறுகளில் நூலகத்திலிருந்து அவர் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவார்.

அந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையில் சங்கரலிங்கம் டீச்சரைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. ஆளும் பொடிசு. தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி வயதைத் தீர்மானிக்கும் காலம் அது. கை எட்டவில்லை. வாத்தியார் தன் மனம்போனபடி ஒரு பிற்பட்ட வருஷத்தைப் போட்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியும் எழுதிவிட்டார். டீச்சரோ மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். தேதி சுத்தமாக இருந்தது. ஆகவே அரசாங்கக் கணக்குப்படி தங்கை அண்ணனைவிட ஏழு மாதம் மூத்தவர்.

"எங்கம்மா ஏழு மாச இடைவெளியில ரெண்டு பெத்தவ அண்ணாச்சி" என்று சங்கரலிங்கமே சொல்லித் தொடையில் தட்டிக்கொள்வார். "டாக்டருக எல்லாம் வந்து கும்பிட்டுட்டுப் போகணும்."

"நான் பென்ஷன் வாங்கிட்டு வந்து இவுகளுக்கு டிபன் கட்டிக் குடுத்து ஆபீசுக்கு அனுப்பணும்" என்பார் டீச்சர், குழம்பு ஊற்றிக்கொண்டே. "ஏட்டி, அக்கான்னு கூப்பிடவா உன்னைய?" என்பார் சங்கரலிங்கம்.

விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் அவரும் சிரிப்பார். நான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அந்த வீட்டில் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர்போல, "எம்புட்டு மாசம்? ஏழா?" என்று கேட்டுக்கொள்வார்.

டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்கள், "ஒரு வயசு கொறைச்சுப் போடுங்க டீச்சர், பின்னால உத்தியோகத்துக்கு ஆகும்" என்று கெஞ்சுவார்கள். வசதியானவர்களும் கேட்பார்கள், சந்தைக்கு வந்த கையோடு பிள்ளையைக் கூட்டிவந்த பக்கத்துச் சுந்தரபாண்டியம் கிராமத்து விவசாயிகளும் கேட்பார்கள். ஒருவருக்கும் போட்டதில்லை. "எங்க வீட்ல ஒரு ஆளு இருக்காக, அவுகளுக்குக் கொறைச்சதே இந்த ஊருக்குப் போதும்" என்பார். கவுன்சிலர் ஒருவர் தன் பேரனுக்காக வந்து சத்தம் போட்டபோதும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தச் சத்தத்தின்போது அவரும் நானும் சங்கரலிங்கத்தின் வீட்டு விஷயமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். அவர் வாசலில் நின்று கடைசிவரை கேட்டார்.

1989ஆம் ஆண்டுப் பட்டியலில் சங்கரலிங்கத்தின் முறை வந்தது. அந்த ஏப்ரலில் அவருக்குப் பதிவேட்டின்படி ஐம்பத்து நான்கு முடியவில்லை. அடுத்த ஏப்ரலில் முடிந்துவிடும். ஆகவே அதுதான் கடைசிப் பட்டியல். பெயர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். டீச்சர் புது வேட்டி எடுத்து வைத்திருந்தார்.

டிசம்பரில் தேர்வுக்குழு கூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. இன்ன அதிகாரிக்கும் அவருடைய உடன்பிறந்த தங்கைக்கும் பணிப்பதிவேடுகளின்படி ஏழு மாதமே இடைவெளி, அதிலும் தங்கையே மூத்தவர், எனவே வயதைக் குறைத்துக் காட்டி ஏமாற்றியவர் யார் என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சங்கரலிங்கத்துக்கு 17-பி மெமோ வந்தது. பெரிய தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்றால் அந்தப் பிரிவில்தான் மெமோ கொடுப்பார்கள். மெமோ நிலுவையில் இருப்பவருக்கு நேர்மைச் சான்று தரமாட்டார்கள். சான்று இல்லாததால் பட்டியலில் அவர் பெயர் 'தற்காலிகம்' என்ற குறிப்போடு ஏறியது. பட்டியல் உயிரோடிருக்கும் ஓராண்டுக்குள் விசாரணை முடிந்தால் ஐ.ஏ.எஸ். முடியாவிட்டால் ஒன்றுமில்லை.

விசாரணை அதிகாரி டீச்சரை அழைத்து, அவருடைய ஜாதகத்தையும் கேட்டு வாங்கி, "உங்க அண்ணன் உங்களுக்கு மூத்தவரா இளையவரா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். தன் அண்ணனைப் பற்றி அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த அன்று டீச்சர் சாப்பிடவில்லை. "மூத்தவருன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?" என்றார். சங்கரலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1990 டிசம்பரோடு பட்டியல் காலாவதியானது. விசாரணை முடியவில்லை.

அடுத்த மே மாதம், காய் இறக்கும் நாளில், தோப்பில் வைத்து அவர் என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்திருக்கவில்லை. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழத்தை நறுக்கிக்கொண்டே, பருவமழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சங்கரலிங்கம் விஷயத்தை இருபது வருசமா வச்சிருந்தேன் வரலாறு. நாங்க சேர்ந்து டிரெயினிங் எடுத்தப்பவே எனக்குத் தெரியும். அப்பவே எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சரிபண்ணிக்கப்பான்னு சொல்லி விட்டிருப்பாங்க."

இன்னொரு கீற்று நறுக்கினார்.

"பொய் ஒரு வரி கிடையாது அதுல. நான் பொய் எழுதமாட்டேன். பெட்டிஷன்ல விஷயம் என்னங்கிறது பெருசில்ல. எந்தத் தேதியில போய்ச் சேருதுங்கிறதுதான். இதெல்லாம் வேற யார்ட்டச் சொல்ல? தேதியோட அருமை உங்களுக்குத்தான் தெரியும்." பழத் துண்டை நீட்டினார். "நார் இல்ல பாருங்க."

என்னையும் தன் ஜாதி என்று எண்ணியிருக்கிறார். நான் அந்தத் துண்டை வாங்காமல் எழுந்து சாலைவரை நடந்தேன். பின்னால், "வெயிலா இருக்கே, செத்த நேரம் இருந்துட்டுப் போலாம்ல" என்ற குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே எனக்கு முன்னால் அவர். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் காலாவதியானதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடப் போகிறார்களாம். அவர்தான் எழுதிக் கொடுக்கிறார். டீச்சர் ரசம் ஊற்றினார். அவர் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, தோப்பில் கேட்டதை அண்ணன் தங்கை இருவரிடமும் அப்படியே சொன்னேன்.

சங்கரலிங்கம் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சார்" என்றார்.

"தெரியுமா?"

"ஏழு மாசம்கிற பேச்சைக் கேட்ட வெளியாள் நீங்க ரெண்டு பேருதான. நீங்க செய்யமாட்டீக."

"பொறவு எப்படி அவருக்கு இலை போடுதீக?"

"இந்த மாதிரிக் கேசை அவரை விட்டா எழுதுறதுக்கு ஆள் யாரு இருக்கா, சொல்லுங்க? வக்கீலே அவர்ட்டதான் வந்து கேக்கான். கெடுத்த ஆளுக்குத்தான் எங்க கெடுத்தோம்னு தெரியும். சரிபண்ணவும் அவருக்குத்தான் தெரியும்." தொடையில் தட்டப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார். "எனக்கு அந்த மூணு எழுத்து வேணும் சார். ஓய்வுக்கு ஒருநாள் முன்னால வந்தாலும் வேணும்."

டீச்சர் இலையை மடித்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார் என்னிடம். "கேக்கமாட்டேங்காக. என்னைய ரசம் வைக்கச் சொல்லுதாக, வைக்கேன்."

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர்மேல் இருந்த அருவருப்பில் பாதி சங்கரலிங்கத்தின் மேலும் போய்விட்டது. அதை நினைத்து இன்னும் அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர் எழுதினார். எழுதினார் என்று பெயர். சங்கரலிங்கம் கேட்கும்போதெல்லாம், "அவசரப்படக் கூடாது, பக்குவம் வரட்டும்" என்பது பதில். பட்டியல் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். தாண்டினால் எடுக்கமாட்டார்கள். 1991 மார்கழி பிறந்தது. ஆண்டாள் கோவில் ஒலிபெருக்கி விடியற்காலையில் பாடத் தொடங்கிவிட்டது. கடைசித் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, வரச்சொல்லி சங்கரலிங்கம் எனக்கு ஆள் அனுப்பினார். சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவையாம்.

போனேன். ராஜபாளையத்திலிருந்து எனக்கு முன்பே வந்து அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் தட்டச்சு செய்த வழக்குத் தாள்கள். பக்கத்தில் டீச்சர் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம். படித்துக் காட்டினார். தன் பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் தவறாக ஏறியிருக்கிறது, உண்மையில் தான் அண்ணனுக்கு இரண்டு ஆண்டு இளையவர், அண்ணனின் தேதியே சரி என்று டீச்சர் சத்தியம் செய்கிறார்.

"இதுல யாருக்கும் நட்டம் இல்ல டீச்சர்" என்றார். "உங்க வயசைக் கூட்டிப் போட்டுட்டாங்கன்னா, அரசாங்கத்துக்கு ஒண்ணும் ஏமாத்தம் இல்லையே. முரண்பாடு போயிரும். மெமோ விழுந்துரும். சங்கரலிங்கம் ஜெயிச்சிருவாரு."

"நான் ஆஸ்பத்திரியில பொறந்தவ அண்ணாச்சி. தேதி சரியான தேதி."

"அது நமக்குள்ள."

"போட்ருட்டி" என்றார் சங்கரலிங்கம். குரல் கெஞ்சலாக இருந்தது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "ஒரு கையெழுத்து. எனக்காக."

டீச்சர் அந்தத் தாளை எடுத்து முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"எத்தனை பேரை இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றார். "அந்தச் சுந்தரபாண்டியத்து ஆளு காலைப் பிடிச்சான். அவன் பிள்ளைக்கு ஒரு வயசு கொறைக்காதவ, இப்ப என் வயசை நானே மாத்திச் சத்தியம் பண்ணவா? என்னால ஏலாதுண்ணே."

"அவன் யாரோ. நான் உன் அண்ணன்டி."

"அண்ணன்தான். வேற என்னத்தையும் கேளுங்க. வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க, வாரேன். இது ஏலாது."

அவர் தாள்களை அடுக்கி உறையில் போட்டார். "டீச்சர் மனசு அப்படி. நாம வற்புறுத்தக் கூடாது" என்றார். காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு கிளம்பினார். உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் கிளம்பினேன்.

தெருமுனைக்கு வந்ததும் செருப்பில் மாட்டிய கல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "போடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் வரலாறு. அன்னைக்குப் பள்ளிக்கூட வாசல்ல நின்னு கேட்டமே."

"தெரிஞ்சுமா அந்தக் கையெழுத்தை நம்பிக் கேசை எழுதுனீக?"

"ம்."

"அது இல்லாம கேஸ் நிக்காதா?"

"தாராளமா நிக்கும். பள்ளிக்கூடச் சான்றுல இருக்கிற தேதிதான் தேதி. தங்கச்சி வயசு அதுக்கு எதுக்கு? இம்புட்டு வருசம் கழிச்சு அதைக் கிளற யாருக்கும் உரிமை கிடையாது. ரெண்டே பக்கம் போதும்." வடக்கே பார்த்தார். பஸ் வருகிறதா என்று. "ஆனா இனிமே யார் எழுதுவா? நாளன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

முகத்தில் வன்மம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல காயை உரிய நாளில் இறக்கிய மனிதனின் திருப்திதான் இருந்தது. சாக்கடையோரம் போய்த் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்குள் போய் சங்கரலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கையெழுத்தே தேவையில்லை, இரண்டு பக்கம் போதும், பள்ளிச் சான்றை வைத்து எழுதினால் நிற்கும், இப்போதே மதுரைக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தால் ராத்திரி வண்டிக்குச் சென்னை போகலாம். நானும் கூட வருகிறேன் என்றேன்.

சங்கரலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"இவ போடமாட்டான்னு நினைச்சுத்தான எழுதியிருக்காரு?" என்றார்.

"ஆமா. அதான் சொல்லுதேன், கிளம்புங்க."

"அப்ப இவ போட்டிருந்தா அவரு தோத்திருப்பாருல்ல."

பெட்டிஷன் எழுதியவர்மேல் போகவேண்டிய பழியைத் தங்கைமேல் வைத்துவிட்டார் என்று புரிந்தது. அடுக்களை வாசலில் டீச்சர் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். "நான் மதுரைக்குக் கூட வாரேண்ணே" என்றார். "வாங்க, போவோம். இப்பவே போவோம்."

"நீ வந்து என்னத்துக்கு?" என்றார் சங்கரலிங்கம். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சரும் நானும் மாறி மாறித் தட்டினோம். கடைசிவரை திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடந்தது.

தங்கையோடு சங்கரலிங்கம் பிறகு பேசவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு பேசாதிருந்தார். டீச்சர் பங்குனிவரை பொறுத்துப் பார்த்தார். ஓய்வுக்கு மீதியிருந்த மாதங்களுக்கு வத்திராயிருப்புப் பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான் கட்டிவைத்த காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வழக்கு எழுதிய அவர் அனுப்பியதாம். ராஜபாளையத்திலிருந்து இரண்டு ஆட்களும் கூட வந்திருந்தார்கள். "டீச்சருக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு ஐயா சொன்னாக" என்றான் டிரைவர்.

டீச்சர் வேனைத் திருப்பி அனுப்பினார். நானும் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனும் தள்ளுவண்டி பிடித்து, பஸ் நிலையம்வரை சாமான்களைக் கொண்டுபோனோம். வத்திராயிருப்பு பஸ்ஸின் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

"கட்டிலும் பஸ்லதான் வருதா டீச்சர்? ஒரு வேன் பிடிச்சிருக்கலாம்ல."

"வந்துச்சு" என்றார் டீச்சர். "நீ ஏத்துலே."